துக்க வீட்டுக்கு நம்மையும் அழைத்துப்போகும் பாட்டு!

2013 மே 2. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் இருக்கும் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ அரங்கம் நிரம்பி வழிந்தது. ஆனால், அன்று அங்கே நடந்தது கச்சேரி இல்லை. 81 வயதில் இறந்துபோன ஒரு பாடகருக்கு இறுதி மரியாதை. முன்னாள் அதிபர் புஷ்ஷின் மனைவி லாரா புஷ் வந்து பேசினார். பாடகர் வின்ஸ் கில், தான் எழுதிய அஞ்சலிப் பாடலைப் பாட ஆரம்பித்து, நடுவில் தொண்டை அடைத்துக்கொண்டு தடுமாறினார். பக்கத்தில் நின்ற பேட்டி லவ்லெஸ்தான் பாட்டை விட்டுவிடாமல் தாங்கிப் பிடித்தார்.

எல்லோரும் பாடி முடித்த பிறகு, கடைசியாக வந்தார் ஆலன் ஜாக்சன். அவர் எதைப் பாடப்போகிறார் என்று அந்தக் கூட்டத்துக்கு யாரும் அறிவிக்கத் தேவையிருக்கவில்லை. மறைந்தவர் 33 ஆண்டுகளுக்கு முன்பு பாடிய அதே பாட்டு. பாடி முடிக்கும்போது ஜாக்சன் தன் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

மறைந்தவர், ஜார்ஜ் ஜோன்ஸ். பாட்டு, ‘ஹீ ஸ்டாப்டு லவ்விங் ஹர் டுடே’. தமிழில் சொன்னால், ‘அவளைக் காதலிப்பதை அவன் இன்றோடு நிறுத்திவிட்டான்’.

1980-ல் வெளிவந்த இந்தப் பாட்டு மூன்றேகால் நிமிடம்தான் ஓடும். துள்ளல் கிடையாது. திரும்பத் திரும்ப முணுமுணுக்கிற மாதிரியான மெட்டும் கிடையாது. கைகூடாத ஒரு காதல், அதன் முடிவில் ஒரு சாவு, அவ்வளவுதான். ஆனால், காலத்துக்கும் நிற்கிற கண்ட்ரி பாட்டு எது என்று அமெரிக்காவில் யார் பட்டியல் போட்டாலும் முதல் சில இடங்களுக்குள் இது வந்துவிடும். பல பட்டியல்களில் முதலிடமே இதற்குத்தான். பாட்டு வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள்கூட இன்று இதை இயர்போனில் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

காதலில் தோற்றவனைப் பற்றி உலகத்தில் பாட்டுக்கா பஞ்சம்? ஆயிரக்கணக்கில் வந்தன, போயின. இது மட்டும் ஏன் போகவில்லை?

தலைப்பிலேயே ஒரு பொறி

கதையைச் சொல்லிவிடலாம். தெரிந்துகொண்டு கேட்டாலும் கெட்டுப்போகாத கதை இது.

ஒருவன் ஒருத்தியை நேசிக்கிறான். உயிர் உள்ளவரை அவள்தான் என்று வாக்குக் கொடுத்திருக்கிறான். போகப்போக மறந்துவிடும் என்று சொல்லிவிட்டு அவள் போய்விடுகிறாள். அவனுக்கு மறக்கவில்லை. சுவரில் அவள் படம். கட்டிலுக்குப் பக்கத்தில் 1962-ம் வருஷத்துக் கடிதங்கள். அவற்றில் அவள் தன் அன்பைச் சொல்லியிருக்கும் இடம் ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருக்கிறான்.

இதையெல்லாம் நமக்குச் சொல்வது அந்தக் காதலன் இல்லை, அவனுடைய நண்பன். இன்றைக்கு அவனைப் பார்க்கப் போன விஷயத்தைச் சொல்கிறான். அவன் முகத்தில் இத்தனை வருஷம் கழித்து ஒரு சிரிப்பு இருந்ததாம். எங்கோ கிளம்புகிறவன் மாதிரி நன்றாக உடுத்தியிருந்தானாம். கண்ணீரே இல்லையாம்.

முதல்முறை கேட்பவர், ‘அப்பாடா, ஒருவழியாகத் தேறிவிட்டான்’ என்று நினைத்துக்கொள்வார். தலைப்பும் அதைத்தானே சொல்கிறது, இன்றோடு நிறுத்திவிட்டான் என்று? பாட்டு பாதியைத் தொடும்போதுதான், அந்த வீட்டு வாசல் கதவில் மலர் வளையம் மாட்டியிருப்பது தெரிகிறது. காதலை நிறுத்தியது அவன் மனசு இல்லை. அவன் இதயமே நின்றுபோய்விட்டது. கொடுத்த வாக்கைக் கடைசி நாள்வரை காப்பாற்றிவிட்டான். அந்தச் சிரிப்பும் உடுப்பும் எதற்கு என்று இப்போது புரிகிறது.

தலைப்பில் ஒரு சிலேடையை வைத்து அதைச் சுற்றிப் பாட்டுக் கட்டுவது நாஷ்வில் பாடலாசிரியர்களின் கைவந்த வித்தை. பெரும்பாலான பாட்டுகளில் சிலேடை பிடிபட்டதும் கேட்பவர் சிரித்துவிடுவார், கதை முடிந்தது. இங்கே சிலேடை பிடிபடுகிற இடத்தில் ஒரு பிணம் கிடக்கிறது.

எழுதிய இருவரும் விடாத ஒருவரும்

நாஷ்வில்லில் பாட்டு என்பது ஒரு தொழில். அலுவலகத்துக்குப் போவதுபோல, பாடலாசிரியர்கள் இரண்டு மூன்று பேராகப் பதிப்பு நிறுவனத்தின் அறையில் உட்கார்ந்து, கிட்டாரும் பேனாவுமாக எழுதுவார்கள். அது எந்தப் பாடகர் கைக்குப் போகும் என்பது அப்போது தெரியாது. இந்தப் பாட்டை எழுதியவர்கள் பாபி பிராடக், கர்லி புட்மன் என்ற இருவர். ஃபுளோரிடாவிலிருந்து பியானோ வாசிக்க வந்து பாடலாசிரியராக மாறியவர் பிராடக். ‘கிரீன் கிரீன் கிராஸ் ஆஃப் ஹோம்’ என்ற உலகப் புகழ் பாட்டை எழுதியவர் புட்மன்.

இருவரும் சேர்ந்து எழுதி 1968-ல் முதலிடம் பிடித்த இன்னொரு பாட்டு உண்டு. விவாகரத்து ஆகப்போகும் ஒரு அம்மா, பக்கத்தில் இருக்கும் குழந்தைக்குப் புரியக் கூடாது என்று அந்த வார்த்தையை எழுத்துக்கூட்டிச் சொல்கிற பாட்டு. அதைப் பாடியவர் டாமி வைனெட். அடுத்த வருஷமே அவர் கல்யாணம் செய்துகொண்டது யாரைத் தெரியுமா? ஜார்ஜ் ஜோன்ஸை! அந்தக் கல்யாணமும் 1975-ல் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டிய அதே வார்த்தையில்தான் போய் முடிந்தது.

இந்த நால்வருக்கும் நடுவில் ஒரு கண்ணி, தயாரிப்பாளர் பில்லி ஷெரில். டாமியை நட்சத்திரமாக்கியவர் அவர். ஜோன்ஸின் பாட்டுகளைத் தயாரித்தவரும் அவர்தான். பிராடக்கும் புட்மனும் கொண்டுவந்த பாட்டு அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால், திருப்தி இல்லை. அவன் செத்துப்போனான், சரி... அவள் என்ன ஆனாள்? கடைசியாக அவனைப் பார்க்க அவள் வர வேண்டும் என்று கேட்டார். எழுதிக்கொண்டு வந்தார்கள். போதாது என்றார். திரும்ப எழுதினார்கள். கடைசியில் அமைந்த சில வரிகளில் அவள் வந்தாள்.

ஷெரில் மட்டும் அப்படிப் பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால் இது இன்னுமொரு நல்ல சோகப் பாட்டாகப் பத்தோடு பதினொன்றாகியிருக்கும். முன்பே ஜானி ரஸ்ஸல் என்ற பாடகர் இதைப் பதிவு செய்து பார்த்தார், எடுபடவில்லை.

பெல்ட்டுக்குப் பயந்து பாடிய பையன்

அந்தப் பாட்டு வந்து சேர்ந்த இடம், பாடுகிற நிலையிலேயே இல்லாத ஒரு மனிதரிடம்.

ஜார்ஜ் ஜோன்ஸ் 1931 செப்டம்பர் 12-ம் தேதி டெக்சாஸில் சாரடோகா என்ற சிற்றூரில் பிறந்தவர். காடும் மரம் வெட்டும் தொழிலுமாக இருந்த வறண்ட வாழ்க்கை. அவர் பிறப்பதற்கு முன்பே மூத்த அக்கா ஒருத்தி காய்ச்சலில் இறந்துவிட, அந்தத் துக்கத்தில் அப்பா குடிக்க ஆரம்பித்தார். அம்மா தேவாலயத்தில் பியானோ வாசிப்பவர். வீட்டுக்கு ரேடியோ வந்த பிறகு, சனிக்கிழமை ராத்திரிகளில் நாஷ்வில்லிலிருந்து ஒலிபரப்பாகும் கிராண்ட் ஓல் ஆப்ரி நிகழ்ச்சியைக் குடும்பமே உட்கார்ந்து கேட்கும். ‘நான் தூங்கிவிட்டால் ராய் ஏகஃப் பாடும்போது எழுப்பிவிடம்மா’ என்று சொல்லிவிட்டுத்தான் பையன் படுப்பான்.

அம்மா எழுப்பியது அதற்கு. அப்பா எழுப்பியது வேறு மாதிரி. நடு ராத்திரியில் போதையில் வந்து, தூங்கும் பிள்ளையை எழுப்பிப் பாடச் சொல்வார். பாடாவிட்டால் பெல்ட் பேசும். பயத்தில் பாடக் கற்ற குரல் அது. கிட்டார் கைக்கு வந்ததும் பக்கத்து ஊரான போமான்ட்டின் தெருக்களில் நின்று, போகிறவர் வருகிறவர் போடும் சில்லறைக்குப் பாடினான்.

1955-ல் முதல் வெற்றி. 1959-ல் முதன்முறையாகப் பட்டியலில் முதலிடம். 1962-ல் ‘அவள் இன்னும் எனக்கு அவள்மேல் அக்கறை இருக்கிறது என்று நினைக்கிறாள்’ என்ற பொருள்கொண்ட தலைப்பில் ஒரு பெரிய வெற்றி. (கதையில் வரும் கடிதங்களின் வருஷமும் அதுதான் என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம்.) உதடு அதிகம் அசையாமல், பல்லைக் கடித்துக்கொண்டு பாடுவதுபோல் இருக்கும் அவர் பாணி. ஒரே ஒரு எழுத்தை எடுத்து இழுத்து, வளைத்து, கீழே இறக்கி, உடையப்போகிற இடத்தில் நிறுத்திவிடுவார். கத்த மாட்டார். அழவும் மாட்டார். அழுகையை அடக்குகிறவர் குரல் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும்.

அப்பாவின் வியாதி பிள்ளைக்கும் வந்தது. இரண்டாவது மனைவி ஷெர்லி, கணவர் குடிக்கப் போகக் கூடாது என்று கார் சாவிகளையெல்லாம் ஒளித்துவைத்தார். ஜோன்ஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். புல் வெட்டும் வண்டி நின்றது, சாவியோடு! அதில் ஏறி உட்கார்ந்து சுமார் எட்டு மைல் தூரம் ஊர்ந்து போய்க் குடித்தார். தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கும் இந்தச் சம்பவம் பிற்பாடு அமெரிக்காவில் பெரிய ஜோக் ஆகிவிட்டது. அவருடைய மியூசிக் வீடியோவிலேயே அந்த வண்டி வந்தது. சாவியை ஒளித்துவைத்த மனைவிக்கு அது ஜோக்காக இருந்திருக்காது.

டாமியைப் பிரிந்த பிறகு நிலைமை கைமீறியது. குடியோடு கொக்கெய்னும் சேர்ந்தது. 1979-ல் மட்டும் 50-க்கும் மேற்பட்ட கச்சேரிகளுக்கு அவர் வரவேயில்லை. டிக்கெட் வாங்கியவர்கள் வைத்த பெயர், ‘நோ ஷோ ஜோன்ஸ்’. வந்த சில கச்சேரிகளிலும் வாத்துக் குரலில் பேசினார், பாடினார். தனக்குள் ஒரு வாத்தும் ஒரு கிழவனும் சண்டை போடுவதாக அவருக்குத் தோன்றிய நாள்கள் அவை. திவால் மனு, வழக்குகள், ஆஸ்பத்திரி. உடம்பு எலும்பும் தோலுமாக இளைத்துவிட்டது. ஊரில் பேச்சு ஒன்றுதான்: இந்த ஆள் இன்னும் எத்தனை நாளோ!

பாட வந்தது, பேச வரவில்லை

இந்த மனிதரிடம் போய், செத்துப்போன காதலனின் பாட்டைக் கொடுத்தார் ஷெரில். ஜோன்ஸுக்குப் பிடிக்கவேயில்லை. நீளம் என்றார். ஒரே சாவும் சோகமுமாக இருக்கிறது, இதை எவன் காசு கொடுத்து வாங்குவான் என்றார். அவர் சொன்ன வார்த்தைகள் இதைவிடக் கொஞ்சம் காரம். ஓடாது என்று ஷெரிலிடம் 100 டாலர் பந்தயம்கூடக் கட்டினார் என்பார்கள்.

ஸ்டுடியோவில் இன்னொரு தலைவலி. கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன் எழுதிய ‘ஹெல்ப் மீ மேக் இட் த்ரூ த நைட்’ என்ற பிரபலமான பாட்டின் மெட்டு அவர் வாயில் ஒட்டிக்கொண்டது. இந்த வார்த்தைகளை அந்த மெட்டிலேயே பாடிக்கொண்டிருந்தார். திருத்தினால் மறுபடியும் அங்கேதான் போய் விழுவார்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பாட்டின் பிற்பகுதியில், பாடாமல் சும்மா பேசுகிற மாதிரி நாலு வரி உண்டு. அவள் வருகிற இடம் அதுதான். போதையில் இருந்தாலும் ஜோன்ஸால் பாட முடியும். மெட்டு அவர் நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். பேசச் சொன்னால்தான் குழறும். மெட்டு இல்லாத இடத்தில் குடிகாரன் மறைந்துகொள்ள முடியாது. அந்தச் சில வரிகளைத் தெளிவாகப் பேசவைக்க 18 மாதம் காத்திருந்தேன் என்று ஷெரில் பிற்காலத்தில் சொல்லிவந்தார். சொல்லச் சொல்லக் கதைகளில் மாதங்கள் கூடிவிடுவதும் உண்டுதான். பதிவுத் தேதிகளைத் துருவிப் பார்த்தவர்கள் அந்தக் கணக்கை அப்படியே ஏற்பதில்லை. ஆனால், பாடிய நாளில் பேச முடியவில்லை, பேச்சைத் தனியாகப் பிறகு எடுக்க வேண்டியிருந்தது என்பதுதான் ஷெரில் சொன்ன கதையின் சாரம்.

பாட்டைக் கேட்டால் ஷெரிலின் கைவேலை தெரியும். ஆரம்பத்தில் வாத்தியங்கள் ஒதுங்கி நிற்கும், குரல்தான் முன்னால். சாவுச் செய்தி வரும் இடத்தில் வயலின் கூட்டம் படிப்படியாக மேலே ஏறும், ஏதோ ஒன்று அந்த வீட்டைவிட்டு மேலே போகிற மாதிரி. பிறகு பேச்சு வரும் இடத்தில், பின்னணியில் உச்ச ஸ்தாயியில் ஒரு பெண் குரல் எழும். மில்லி கிர்காம் என்பவருடைய குரல் அது; எல்விஸ் பிரெஸ்லியின் ‘ப்ளூ கிறிஸ்துமஸ்’ பாட்டின் பின்னணியில் கேட்பதும் இவர் குரல்தான். அந்தக் குரலுக்கு வார்த்தை எதுவும் கிடையாது. வந்தவள் ஒன்றும் பேசவில்லை.

யார் அந்த ‘நாங்கள்’?

அந்தப் பேச்சு வரிகளில்தான் இருக்கிறது சூட்சுமம். அவள் வருவாளா, வரமாட்டாளா என்று நாங்கள் எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தோம் என்கிற பொருளில் அந்த நண்பன் ஒன்று சொல்கிறான். யார் அந்த ‘நாங்கள்’? சாவு வீட்டில் கூடியிருக்கும் அக்கம்பக்கத்தார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, ‘அவளுக்குச் சொல்லி அனுப்பியாச்சா? வருவாளா?’ என்று கேட்டுக்கொள்கிற கூட்டம். எந்த ஊர்த் துக்க வீட்டில் இந்தக் கிசுகிசு இல்லை?

மற்ற காதல் தோல்விப் பாட்டுகள் எல்லாம் கேட்பவரைக் காதலனாக்கப் பார்க்கின்றன. உனக்கும் இப்படி நடந்ததுதானே, நீயும் அழு என்கின்றன. நடக்காதவர் என்ன செய்வார்? பதினைந்து வயதுப் பிள்ளைக்கும், ஐம்பது வருஷம் சண்டை போட்டுக்கொண்டே சேர்ந்து வாழ்ந்த தாத்தா பாட்டிக்கும் அங்கே இடம் இல்லை. இந்தப் பாட்டு அப்படிக் கேட்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களோடு நம்மையும் உட்காரவைக்கிறது. காதலில் தோற்றிருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு சாவு வீட்டுக்குப் போய்வந்த அனுபவம் போதும். அது இல்லாதவர் யார்?

சொல்கிற விதமும் துக்க வீட்டு விதம்தான். அங்கே யாரும் பெரிய வார்த்தை பேசுவதில்லை. ‘ராத்திரி நல்லாத்தான் சாப்பிட்டார்... காலையில காபி கேட்டார்’ என்று சின்னச் சின்ன விவரமாகத்தானே சொல்லிக்கொண்டிருப்பார்கள்? இந்த நண்பனும் அப்படித்தான். தவித்தான், துடித்தான் என்று அடுக்குவதில்லை. படம், கடிதம், சிவப்புக் கோடு, நல்ல உடுப்பு, வாசலில் மலர் வளையம். அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகிறான். நெஞ்சை அடைப்பது கேட்பவருக்குத்தான்.

பாவம் யார்?

பாட்டு 1980 ஏப்ரலில் வெளியானது. ஜூலையில் பில்போர்டு கண்ட்ரி பட்டியலில் முதலிடம். ஜோன்ஸுக்கு கிராமி விருது கிடைத்தது. கண்ட்ரி இசைச் சங்கம் இதையே 1980, 1981 என இரண்டு வருஷமும் சிறந்த பாடலாகத் தேர்ந்தெடுத்தது. 2008-ல் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம், தேசம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்தது. எவன் வாங்குவான் என்று கேட்டவர், முடிந்துபோயிருந்த தன் தொழிலை ஒரு மூன்று நிமிடப் பாட்டு மீட்டுத் தந்தது என்று பிறகு ஒப்புக்கொண்டார்.

ரசிகர்கள் அதில் தங்கள் கதையையும் சேர்த்துக்கொண்டார்கள். போனவள் வேறு யார், டாமிதான்! ஜோன்ஸ் அவரை நினைத்துத்தான் பாடுகிறார்! உண்மையில், பாட்டு எழுதப்பட்டது அவர்களை வைத்து இல்லை. டாமி 1978-லேயே மறுமணம் செய்துகொண்டுவிட்டார். பழைய ஜோடி விரோதிகளாகவும் இல்லை. பாட்டு வெளியான அதே 1980-ல் இருவரும் சேர்ந்து ஓர் ஆல்பமே பாடினார்கள். ஆனால், இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? துக்க வீட்டில் கூடினவர்கள் கதை கட்டத்தானே செய்வார்கள்!

பாட்டைப் பற்றிய இன்னொரு சண்டை இன்றும் ஓயவில்லை. அந்த மனிதனைப் பாராட்டுவதா, பரிதாபப்படுவதா? இப்படி ஒரு விசுவாசம் உண்டா என்று உருகுகிறவர்கள் உண்டு. இது காதலே இல்லை, வியாதி. பதினெட்டு வருஷம் ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்க்கையைத் தொலைத்திருக்கிறான் என்கிறவர்களும் உண்டு. இளைய தலைமுறை பெரும்பாலும் இரண்டாவது கட்சி. அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவன் அவளைத் தொந்தரவு செய்ததாகப் பாட்டில் எங்கும் இல்லை. பின்தொடரவில்லை, வாசலில் போய் நிற்கவில்லை. தன் வீட்டில், தன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளையும் பாட்டு ஓரிடத்தில்கூடப் பழிக்கவில்லை. துரோகி என்று ஒரு சொல் இல்லை. மறந்துவிடுவாய் என்று அவள் சொன்னது நல்லெண்ணத்தில்கூட இருக்கலாம். ஏன் போனாள்? தெரியாது. கடைசியில் ஏன் வந்தாள்? குற்ற உணர்ச்சியா, பழைய பாசமா, ஊருக்காகவா? அதுவும் தெரியாது. பிராடக்கும் புட்மனும் எத்தனையோ முறை திருத்தி எழுதியும் அந்த ஒன்றை மட்டும் எழுதவில்லை. நல்லவேளை.

நாக்ஸ்வில்லில் கடைசியாக ஒருமுறை

வெற்றி வந்த உடனே ஜோன்ஸ் திருந்திவிட்டார் என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. கையில் பணம் புரண்டதும் கூத்து இன்னும் சில வருஷம் தொடர்ந்தது. 1983-ல் நான்சியைக் கல்யாணம் செய்துகொண்டார். போதைமருந்து வியாபாரிகளிடமிருந்தும் கடன்காரர்களிடமிருந்தும் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வெளியே கொண்டுவந்தவர் நான்சிதான். அப்படியும் 1999-ல் ஒரு பெரிய கார் விபத்து நடந்து, சாவின் வாசல்வரை போய்த் திரும்பிய பிறகுதான் குடி முழுமையாக நின்றது.

அதற்குப் பிறகு 14 வருஷம் அவர் பாடினார். ஒவ்வொரு கச்சேரியிலும் இந்தப் பாட்டு எப்போது வரும் என்றுதான் கூட்டம் காத்திருக்கும். 2013 ஏப்ரல் 6-ம் தேதி, டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் ஒரு கச்சேரி. 81 வயது, மூச்சு விடவே சிரமப்பட்டார். அன்றைக்கும் கடைசியாகப் பாடியது இதைத்தான். அதற்குப் பிறகு அவர் மேடை ஏறவில்லை. இருபதாம் நாள், ஏப்ரல் 26 அன்று, நாஷ்வில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

டாமி வைனெட் இறந்ததும் ஓர் ஏப்ரல் 6-ல்தான், 1998-ம் வருஷம். சரியாகப் பதினைந்து வருஷம் கழித்து அதே தேதியில் ஜோன்ஸின் கடைசிக் கச்சேரி. யாரும் திட்டமிட்டதில்லை, வெறும் தற்செயல்தான். ஆனால், பாட்டில் வரும் அந்த அக்கம்பக்கத்தார் கூட்டத்திடம் இதைச் சொல்லிப் பாருங்கள், விடுவார்களா?

நாஷ்வில்லின் உட்லான் கல்லறைத் தோட்டத்தில் ஜோன்ஸை அடக்கம் செய்திருக்கிறார்கள். டாமி இருப்பதும் அதே தோட்டத்தில்தான். ஜோன்ஸின் கல்லறைமீது ஒரு பெரிய கல் வளைவு எழுப்பி, அதில் பாட்டின் தலைப்பைச் செதுக்கியிருக்கிறார்கள். 30 வருஷம் உடனிருந்து அவரைக் காப்பாற்றிய நான்சியின் கணவர் கல்லறையில், இன்னொருத்தியைக் காதலிப்பதை ‘இன்றோடு’ நிறுத்தியவனின் வரி! நேர்ப்பொருளில் படித்தால் எந்த மனைவியும் ஒரு நிமிடம் முறைப்பார். நான்சி முறைக்கவில்லை. அந்த வரி அங்கே இருப்பது அவருடைய சம்மதத்தோடுதான்.